ஒண்ணு விழுற இடம்

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு மேல் எங்களுக்குப் பிராக்டிஸ். கொசப்பேட்டையில் ஒரு பழைய அரிசி குடோனின் மாடி. செவ்வாயில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஆறு பேரில் ஒருவருக்கும் வெளியே கச்சேரி இருக்காது. அதனால்தான் அந்தக் கிழமை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வேலூர் வெயிலைப் பகலெல்லாம் குடித்து வைத்திருந்து, நாங்கள் ஆம்ப்ளிஃபயரைப் போடும் நேரமாகப் பார்த்து அதைத் தலைமேல் இறக்கும். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தூங்க வேண்டும் என்று சன்னலைப் பழைய இலவம்பஞ்சு மெத்தையால் அடைத்து வைத்திருக்கிறோம். அதனால் காற்றும் கிடையாது.

பேஸ் கிட்டார் நான். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிக்கிறவர். டிரம்ஸ் தம்பி குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறான். கிட்டார்காரருக்குச் சத்துவாச்சாரியில் செல்போன் ரிப்பேர் கடை. சாக்ஸபோன்காரர் முகூர்த்த நாட்களில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை வாசிக்கிறவர். ஆறாவது ஆளைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். அவரிடம் வந்து சேர கொஞ்ச நேரமாகும்.

நாங்கள் வாசிப்பது ஃபங்க், சோல் ஜாஸ். இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை; ஃபங்க்கில் தாளம்தான் முதல், சோல் ஜாஸில் சர்ச் இசையின் வாடை. வேலூரில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா என்று சென்னையில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். அந்தப் பெயரில் பலகை மாட்டிக்கொண்டு இல்லை, அவ்வளவுதான். இங்கே லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. பேண்ட் செட்டு இருக்கிறது. பம்பைக்காரர்கள் இருக்கிறார்கள். சர்ச் பாடகர் குழு இருக்கிறது. இந்த நாலு இடங்களில் கை பழகாத வாத்தியக்காரர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஃபங்க்கை எங்கிருந்தோ கொண்டுவந்து இங்கே நட வேண்டும் என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டது காது மட்டும்தான் என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆயிற்று.

எங்கள் மாமா மைக் செட் கடை வைத்திருந்தார். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தொடங்கிய கடை. மாவட்டத்தின் பெயர் எத்தனை தடவை மாறினாலும் போர்டில் மட்டும் கடைசிவரை ‘வ.ஆ.’ என்றே இருந்தது. பள்ளிக்கூட லீவில் எனக்கு அங்கேதான் வேலை. குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டுவது, ஒயர் சுற்றுவது, கச்சேரி நடக்கும்போது மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக் கூவினால் வால்யூமைக் குறைப்பது.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்களில்தான் பெரிய கச்சேரிகள். தெருவை மறித்து, சவுக்குக் கட்டை நட்டு, பலகை பரப்பினால் மேடை. ஒன்பதரை மணிக்கு மேல் ஆரம்பிப்பார்கள், விடியற்காலை வரை போகும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பாடகர்களின் முதுகுதான் தெரியும். ஆனால் பேஸ் கிட்டார்காரர் எப்போதும் தன் ஆம்ப்ளிஃபயரை ஒட்டி, பின்வரிசையில் நிற்பார். அவர் கை மட்டும் எனக்கு இரண்டடி தூரத்தில். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும் என்பது எனக்குக் கேசட்டில் தெரியவில்லை, எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் 15 இன்ச் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்தேன். பாட்டு முதுகெலும்பு வழியாக ஏறியது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த வாத்தியம்.

அந்த ராத்திரிகளில் இன்னொன்று நடக்கும். இரண்டு மணிக்கு மேல் கூட்டம் பாதியாகிவிடும். பாடகர் டீ குடிக்கப் போவார். பாடகி நாற்காலியிலேயே கண் அயர்வார். மேடை சும்மா இருக்கக் கூடாது என்பதால் வாத்தியக்காரர்கள் தங்களுக்குள் ஏதாவது பிடித்துக்கொள்வார்கள். ஒரே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், அவ்வளவுதான். டிரம்ஸும் பேஸும் ஒரு வட்டத்தில் விழுந்து சுற்றும். கீபோர்டில் ஆர்கன் டோன். பத்து நிமிடம், சில சமயம் இருபது நிமிடம். யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. கேட்டால் “சும்மா ஓட்டிக்கினு இருந்தோம்” என்பார்கள். இன்று நினைத்தால், என் வாழ்க்கையில் கேட்ட முதல் ஃபங்க் அதுதான்.

2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. இந்த ஊருக்கு அது நியாயமான விதி. எந்தத் தெருவில் எந்த நோயாளி படுத்திருப்பார் என்று சொல்ல முடியாத ஊர் இது. ஆனால் வாத்தியக்காரர்களின் நேரம் அதோடு போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழு மணி நேரக் கச்சேரி மூன்று மணி நேரமானது. மூன்று மணி நேரத்தில் எல்லாரும் கேட்டு வரும் பாட்டுகளைப் பாடி முடிக்கவே நேரம் போதாது. சும்மா ஓட்டுவதற்கு இடமே இல்லை. பிறகு டிராக் வந்தது, லேப்டாப்பில் இசை, மேலே பாடகர் மட்டும். எட்டுப் பேர் ஏறிய வேனில் மூன்று பேர் ஏறினால் போதுமென்று ஆனது. எனக்கு பேஸ் சொல்லிக்கொடுத்தவர் கிட்டாரை விற்றுவிட்டு ஆட்டோ வாங்கினார்.

நான் மாமா கடையிலேயே நின்றுவிட்டேன். வாசிப்பதற்கு மாதத்தில் இரண்டு நாள் வாய்ப்பு வந்தால் பெரிது. மற்ற நாட்களில் சால்டரிங் வேலை.

2009 வாக்கில் கடைக்கு ஒரு மிசோ இளைஞர் வந்தார். ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று எங்கெங்கிருந்தோ ஆட்களை இழுக்கிறது. வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், மிசோரம். காந்தி ரோடு லாட்ஜுகளில் வங்காள எழுத்தில் பலகை இருக்கும். அந்தத் தெருவில் ஒரு மாதம் தங்கினால் ஐந்து மொழி காதில் விழும். இவர் அப்பாவின் சிகிச்சைக்காக மூன்று மாதம் லாட்ஜில் இருந்தார். கையில் ஒரு கிட்டார், கேபிள் அறுந்துபோயிருந்தது. ஒட்டிக்கொடுத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் பேஸையே செருகி வாசித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டி வாங்கி, அதே கேபிளில் வாசித்தார். நான் அதுவரை வாசித்ததில் பாதி சுரங்கள் தேவையே இல்லை என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் அவர் கடைக்கு வந்துவிடுவார். தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறும். பாடம் பெரும்பாலும் கையால்தான். முதல் பாடம், ஒரு மணி நேரம் ஒரே ஒரு சுரம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர் எண்ணுவார். ஒன்றில் மட்டும் நான் வாசிக்க வேண்டும். மற்ற மூன்றிலும் நரம்பைக் கையால் அமுக்கிச் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் எரிச்சல் வரும். இருபதாவது நிமிடத்தில் விரல் தானாக எதையாவது சேர்க்கப் பார்க்கும். நாற்பதாவது நிமிடத்துக்கு மேல்தான் தெரியும், ஒன்று என்பது ஒரு புள்ளி இல்லை, அதற்கு அகலம் இருக்கிறது என்று. அதன் முன் ஓரத்திலும் விழலாம், பின் ஓரத்திலும் விழலாம். பின் ஓரத்தில் விழுந்தால் இடுப்பு அசையும்.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960-களின் நடுவில் செய்தது அதுதான். அதுவரை அமெரிக்கப் பாட்டுகளில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும்; ஜனங்கள் கைதட்டுவதும் அங்கேதான். அவர் பாரத்தைத் தூக்கி ஒன்றில் வைத்தார். கிட்டார், பித்தளை வாத்தியங்கள், தன் குரல் என்று எல்லாவற்றையும் டிரம் மாதிரி நடத்தினார். சுரம் எத்தனை என்பதைவிட எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு. 1970-ல் பூட்ஸி காலின்ஸ் அவரிடம் பேஸ் வாசிக்கச் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது. விரல் ஓடுகிற வயது. ஒன்றைக் கொடு என்பதுதான் அந்தப் பையனுக்கும் அங்கே கிடைத்த பாடம். தாளத்தின் முதல் அடியைச் சங்கீதம் படித்தவர்கள் சமம் என்பார்கள், அந்த இடம்தான். நமக்குப் புதிதில்லை. ஆனால் சமத்தைத் தொட்டுவிட்டு மேலே பறப்பது நம் பழக்கம். சமத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பது ஃபங்க்.

அந்த மூன்று மாதத்தில்தான் கீபோர்டு அண்ணனும் எங்களோடு சேர்ந்தார். மிசோ நண்பரும் அண்ணனும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமலே அரை நாள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. இருவரும் கீர்த்தனைப் புத்தகத்தில் வளர்ந்தவர்கள். அவர் அங்கே மிசோவில் பாடியதும் அண்ணன் இங்கே ஞானப்பாட்டாகத் தமிழில் பாடியதும் ஒரே ராகம்.

சோல் ஜாஸ் பிறந்ததும் சர்ச் வாசலில்தான். கடிகாரம் செய்துகொண்டிருந்த லாரன்ஸ் ஹாமண்ட் 1935-ல் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகள் அதை வாங்கின. கறுப்பின மக்களின் சபைகளில் அது வேறு ஒரு குரலாகவே மாறிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்ட அந்த முழக்கம் சனிக்கிழமை ராத்திரி மேடைக்கும் வந்தது. ஃபிலடெல்ஃபியா பக்கத்துக்காரரான ஜிம்மி ஸ்மித் 1956-லிருந்து வெளியிட்ட இசைத்தட்டுகளுக்குப் பிறகு ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்ற மூவர் அணி ஊர் ஊராகப் பரவியது. பேஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. ஆர்கன்காரரின் இடது கையும் காலுமே பேஸ்.

அண்ணனின் கால் எப்போதும் எதையோ மிதித்துக்கொண்டே இருப்பதை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டபோது சொன்னார், சின்ன வயதில் அவர் கற்றது கால் ஆர்மோனியத்தில். மிதித்துக்கொண்டே இருந்தால்தான் காற்று ஏறும், நிறுத்தினால் பாட்டு செத்துவிடும். “கை தப்பா போனாகூட கடவுள் மன்னிச்சிருவாரு தம்பி, கால் நிக்கக் கூடாது.”

ஹாமண்ட் ஆர்கனில் பேர்பெற்ற பி-3 மாடல் சுமார் 200 கிலோ எடை. எங்களிடம் இருப்பது யமஹா கீபோர்டு. அதில் ஆர்கன் டோன் உண்டு, ஆனால் உயிர் குறைவு. அந்த உயிர் பாதி லெஸ்லி என்ற ஸ்பீக்கரில் இருக்கிறது என்று மிசோ நண்பர் சொன்னார். அதற்குள்ளே ஒரு கூம்பு சுற்றுமாம். சத்தம் சுற்றிச் சுற்றி வருவதால்தான் அந்த நடுக்கம். மைக் செட் கடையில் வளர்ந்தவனுக்கு இதைக் கேட்ட பிறகு தூக்கம் வருமா? மாமாவும் நானும் உட்கார்ந்தோம். ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரை மேல் பார்த்தபடி பெட்டியில் பொருத்தினோம். அதன்மேல் மீன் பெட்டித் தெர்மாகோலை உருளையாக அறுத்து, ஒரு பக்கம் மட்டும் வாய் வைத்து, பழைய டேபிள் ஃபேன் மோட்டாரில் மாட்டினோம். முதலில் தகரத்தில்தான் செய்தோம். கனம் தாங்காமல் உதறியது. ஃபேன் ரெகுலேட்டரில் இரண்டு இடத்தில் பெயிண்ட் புள்ளி வைத்தோம், ஒன்று மெதுவாகச் சுற்ற, ஒன்று வேகமாக. அண்ணன் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் ரெகுலேட்டரைத் திருப்பினேன். மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறும் அந்த நாலு விநாடியில் கடை முழுக்க காற்றே தண்ணீர் மாதிரி அலைந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெட்டி இன்றும் குடோன் மாடியில் இருக்கிறது. தெர்மாகோலை மட்டும் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது.

மிசோ நண்பரின் அப்பா நடந்தே ரயில் ஏறினார். காட்பாடியில் பெட்டி தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

மாமா 2016-ல் இறந்தார். முப்பது வருடம் அவரோடு ஊர் ஊராகக் கல்யாணத்துக்கு வந்த பேண்ட் செட்டுக்காரர்கள் சொல்லாமலே வந்து நின்றார்கள். காசு பற்றி யாரும் பேசவில்லை. டிரம்பெட், கிளாரினெட், யூபோனியம், பெரிய டிரம், சைடு டிரம், ஜால்ரா. சட்டையில் பித்தளைப் பொத்தான் வைத்த அந்தச் சிவப்புக் கோட்டுகளைப் போடாமல், வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். பூப்பல்லக்கு நகர்ந்தது. பாலாற்றங்கரைச் சுடுகாடு வரை ஒன்றரை மணி நேர நடை.

நான் கொள்ளிச் சட்டி தூக்கிய மாமா மகனுக்குப் பக்கத்தில் நடந்தேன். அழுதுகொண்டுதான் நடந்தேன். ஆனால் பாதி வழியில் என் நடை மாறியிருப்பது தெரிந்தது. என் கால் எதற்கோ கட்டுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெரிய டிரம் ஒன்றில் விழுகிறது. ஒன்றில் மட்டும். சைடு டிரம் மீதி இடம் முழுவதையும் நிரப்புகிறது, ஆனால் நிரம்பின மாதிரியே இல்லை. அந்த அடிகள் நேராகவும் இல்லை, மூன்று மூன்றாகத் துள்ளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் சாய்ந்து நின்றன. பல வருடமாக வெளிநாட்டு ரெக்கார்டுகளில் நான் காதைத் தீட்டித் தேடிய சாய்வு அது. திரும்பிப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், கழுத்தில் வார் போட்டு, டிரம்மை இடது தொடையில் சாய்த்து, யாரையும் பார்க்காமல் வாசித்துக்கொண்டு வந்தார். நான் சின்னப் பையனாக ஒயர் சுற்றிய காலத்திலிருந்து அவரைத் தெரியும். கேட்டதுதான் கிடையாது.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரில் சாவுக்குப் பேண்ட் செட்டு வரும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாகக் கீர்த்தனை வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது வேகம் பிடிக்கும், குடையை விரித்துக்கொண்டு தெருவே ஆடும். அந்தத் தெரு நடையின் டிரம் அடியைத்தான் 1965-ல் தொடங்கிய மீட்டர்ஸ் குழுவின் டிரம்மர் ஜிகபூ மாடலிஸ்ட் உட்கார்ந்து வாசிக்கும் டிரம்ஸுக்குக் கொண்டுவந்தார். அந்த ஊர் ஃபங்க்கின் வேர் சாவு ஊர்வலத்தில் இருக்கிறது. அங்கே ஆட்டம் திரும்பி வரும்போது. நம்மிடம் ஆட்டம் போகும்போதே. நாம் பறையடித்து ஆடி வழியனுப்பிவிட்டு, ஆற்றில் தலை முழுகி, பேசாமல் வீடு திரும்புகிறோம். அவர்கள் இறந்தவர் விடுதலையானார் என்று ஆடுகிறார்கள். நாம் யாருக்காக ஆடுகிறோம் என்று மாமா போன அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அது அவருடைய கடைசி ஊர்வலம். ஊர் அவரைப் பார்க்கும் கடைசி நேரம். அது பொலிவாக இருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த சைடு டிரம்காரர் வீட்டுக்குப் போனேன். நான் சொன்ன ஆறாவது ஆள் அவர்தான். திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லி, வந்து வாசிக்க வேண்டும் என்றேன்.

“கிட்டாரு, பொட்டி எல்லாம் கீற எடம். அங்க எனக்கு இன்னா வேல நைனா?”

“நீங்க வாசிக்கிறதத்தான் நாங்க வாசிக்கப் பாக்குறோம் பெரியப்பா.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் வந்தார். மூன்று செவ்வாய்க்கிழமை டிரம்மை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து கேட்டார், டீ குடித்தார், போனார். மூன்றாவது வாரம் கிளம்பும்போது வாசல்படியில் நின்று சொன்னார்:

“நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல பேசிக்கினு கீறீங்க நைனா. யாரு கேக்குறது?”

நாலாவது வாரம் உறையைக் கழற்றினார். மீரட்டில் செய்த பித்தளை டிரம். அவர் அப்பா வாங்கியதாம். விளிம்பில் நசுங்கல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்யாணமோ சாவோ சொல்வார். அடித்தட்டில் இழைக் கம்பிகள். இரண்டு அறுந்த இடத்தில் சைக்கிள் பிரேக் ஒயரிலிருந்து பிரித்த கம்பியைக் கட்டியிருந்தார். மேல்தட்டு பிளாஸ்டிக். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரமே தோல் பதனிட்டு உலகத்துக்கு அனுப்புகிறது. எங்கள் வாத்தியங்களின் முகத்தில் மட்டும் தோல் இல்லை.

டிரம்ஸ் தம்பியும் நானும் எங்கள் வழக்கமான வட்டத்தைப் பிடித்தோம். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். வலது கை சாதாரணமாகத்தான் இருந்தது. இடது கையைப் பார்த்தேன். குச்சியைக் கட்டை விரல் இடுக்கில் தளர்வாக வைத்திருந்தார், பிடிக்கவே இல்லை என்று சொல்லலாம். குச்சி தன் கனத்தில் தானே விழுந்து இரண்டு, மூன்று தடவை துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலையும் அவர் சுண்டு விரல் தீர்மானிக்கிறது. காதுக்குப் பெரிய அடி ஒன்றுதான் கேட்கிறது. அதைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி நாலைந்து அடிகள். மேற்கில் இதற்குப் பேய்ச் சுரங்கள் என்று பெயர். ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டின் இடது கையை உலகம் முழுக்கக் காப்பியடித்தது இவற்றுக்காகத்தான். தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவர் கைப்பக்கம் குனிந்து பார்த்தான்.

“இந்தச் சின்ன அடிங்கள எப்படி எண்ணுவீங்க பெரியப்பா?”

“எண்ணுனா உழாது. பெருசா உழுறது ஊருக்கு. சின்னது எனக்கு. சின்னது இல்லன்னா பெருசுக்கு நிக்க எடமில்ல.”

அன்றைக்கு நான் என் வாசிப்பிலிருந்து பாதிச் சுரங்களை எடுத்தேன். மிசோ நண்பர் காட்டியது ஏழு வருடம் கழித்து அப்போதுதான் கைக்கு வந்தது. ஒன்றில் ஒரு சுரம், பின் ஓரத்தில். பிறகு அவருடைய சின்ன அடிகள் எங்கே ஓய்கின்றனவோ அங்கே இரண்டு. மற்ற இடமெல்லாம் அண்ணனுக்கும் சாக்ஸபோனுக்கும். குடோன் மாடியில் எட்டு நிமிடம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முடித்ததும் கிட்டார்காரர்தான் முதலில் பேசினார், “இன்னொரு தபா” என்று.

பெரியவரைப் போன்ற பேண்ட் செட்டுக்காரர்களை நாம் நடத்தும் விதத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரிசப்ஷனில் எங்களுக்கும் பேண்ட் செட்டுக்கும் ஒரே நாளில் வாசிப்பு. மேடைக் கச்சேரி எங்களுடையது. மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்கள். சாப்பாட்டு நேரத்தில் எங்களைப் பந்திக்கு அழைத்தார்கள், அவர்களுக்குப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் பொட்டலம். இந்தப் பெரியவர் அன்றைக்கு அவர்களோடு வந்திருந்தார். போன செவ்வாய்க்கிழமை எங்கள் நடுவில் உட்கார்ந்து வாசித்த அதே கை, பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தது. சாவுக்கும் வாசிக்கிற கை என்பதுதான் காரணம். அதன் அடியில் இருக்கும் சாதி யாருக்கும் தெரியாததில்லை. நாங்கள் ஐந்து பேரும் இலையிலிருந்து எழுந்துபோய்ப் பின்பக்கம் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தோம். பெரியவர் கோபித்துக்கொண்டார். “நீங்க ஏன் வந்தீங்க? அவங்கள அங்க கூப்புடச் சொல்லியிருக்கணும்.” அவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு, எந்த நிகழ்ச்சிக்கு அட்வான்ஸ் வாங்கினாலும் எல்லா வாத்தியக்காரர்களுக்கும் ஒரே பந்தி என்று முதலிலேயே பேசிவிடுகிறேன். இரண்டு நிகழ்ச்சி அதனால் போயிற்று.

இப்போது கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் கூப்பிடுகிறார்கள், நாசிக் டோல் கூப்பிடுகிறார்கள். அவர்களும் உழைப்பாளிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு பேராக நடந்த பேண்ட் செட்டு நாலு பேராகச் சுருங்கியிருக்கிறது. கிளாரினெட் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளையை நான் பார்த்துப் பல வருடமாகிறது. காட்பாடிப் பக்கம் கல்லூரி விழாக்களில் நல்ல நல்ல மாணவர்கள் ஃபங்க் வாசிக்கிறார்கள், போய்க் கேட்டிருக்கிறேன், கை சுத்தம். அவர்களில் ஒருவராவது ஒரு மயானக் கொள்ளை அன்றைக்குப் பாலாற்றங்கரையில் வந்து நின்று பம்பையைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டால் தெரிந்துவிடும். தேர்கள் ஆற்றில் இறங்கும்போது பத்துப் பதினைந்து பம்பைகள் ஒரே ஒன்றைத் தேடி வந்து சேரும்.

போன ஆடியில், நான் ஒயர் சுற்றி வளர்ந்த அதே தெருவில், கூழ் ஊற்றிய அன்றைக்கு எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரி முடிந்து ஒன்பது நாற்பதுக்கு மேடை ஏறினோம். பாட்டு இல்லை, பாடகர் இல்லை. ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று விழாக் கமிட்டி அண்ணன் கவலையாக நின்றார். மாமாவின் சுற்றும் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்தோம். அண்ணன் ஒரு கார்டைப் பிடித்தார். பெரியவர் உள்ளே வந்தார். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிகளில் ஒருவர் தலையை ஆட்ட ஆரம்பித்தார், பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். கோயில் வாசலில் கரகத்துக்கு வாசித்து முடித்துக் களைத்து உட்கார்ந்திருந்த பம்பைக்காரர் ஒருவர், யாரும் கூப்பிடாமலே, தோளில் வாரை மாட்டிக்கொண்டு மேடையோரம் வந்து நின்றார். பெரியவர் அவரைப் பார்த்துக் கண்ணால் ஒரு தடவை எண்ணிக் காட்டினார். பம்பை ஒன்றில் விழுந்தது.

அதன்பின் நான் வாசித்தது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. மிகக் குறைவு.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு நிறுத்தினோம். பத்தடித்ததும் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பெட்டிகளைக் குட்டி யானையில் ஏற்றினோம். கமிட்டி கொடுத்த பணத்தை வண்டிக்குப் பின்னால் நின்று ஏழாகப் பங்கு பிரித்தோம், பம்பைக்காரருக்கும் சேர்த்து. பெரியவர் தன் பங்கை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டிரம்மை டி.வி.எஸ். 50-யின் பின்சீட்டில் வைத்து, சைக்கிள் டியூபை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினார். தட்டின் மேல் கை வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“செவ்வாக்கெழம எத்தினி மணிக்கு?”

“எட்டரைக்குத்தான் பெரியப்பா.”

“எட்டுக்கே வந்துர்றேன். அந்தத் தம்பிய சீக்கிரம் வரச் சொல்லு. அவன் எடது கை இன்னும் குச்சிய இறுக்கிப் புடிக்குது.”